பழைய சரக்கு அப்பிள்

இன்று காலை மன்னார்ச் சந்தையில், பழக்கடையில் எனக்கு முன்னால் ஓலைத்தொடுவாய் ஊரிலிருந்து வந்த அக்கா ஒருவர் நின்றார்.

“தம்பி, பழங்களுக்கு வரியை எடுத்திட்டாங்களாமே. அப்பிள் குறைஞ்சிட்டுதோ?”

கடைக்காரர் நிமிரவேயில்லை. “இது பழைய சரக்கு அக்கா. புதுசு வந்தாத்தான் குறையும். அடுத்த கிழமை வாங்கோ.”

வரி கூடிய அன்று மட்டும் பழைய சரக்குக்கும் உடனே விலை ஏற்றியவர்தான் இவர். அதைக் கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் அக்கா சொன்னார்: “என்ர மனிசனை ஆசுபத்திரியில வீட்ட கொண்டுபோகச் சொல்லிட்டினம் தம்பி, இனி மருந்து இல்லையாம். அப்பிள் வேணுமெண்டு கேட்டவர். அடுத்த கிழமை வரைக்கும் இருக்கமாட்டார்.”

கடைக்காரர் ஒரு பையை எடுத்தார்.

ஒரேயொரு அப்பிள் வாங்கிக்கொண்டு போனார், பழைய விலைக்கே.

உங்கள் ஊர்க் கடைகளுக்குப் புதுச் சரக்கு வந்துவிட்டதா?