ஐந்து மணி சஜ்தா

அந்த ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் அவருக்கு ஹஜ்ரத் என்று பெயர். வேலை என்னவோ உதவியாளர் வேலைதான்: நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, மலமூத்திரம் அள்ளுவது. நெற்றியில் காய்த்துப்போன தொழுகைத் தழும்பைப் பார்த்து மார்க்கப் பெரியவர்களைக் கூப்பிடுவதுபோல நர்ஸம்மா வைத்த பெயர் அது.

ஹஜ்ரத்துக்கு அந்த நாற்றம் ஆகாது. குடலைப் பிடுங்கும். பதினோரு வருஷத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்த நாளே அதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்: பிற்பகல் அசர் தொழுகை. படுக்கைத் துணி மாற்றுவது மாலை ஐந்து மணிக்கு. நாலு மணிக்கே தொழுதிருக்கலாம். மனிதர் ஐந்துக்குத்தான் கைகால் கழுவி ஒளு செய்வார். சாமான் அறையில் பாயை விரித்தால் பத்து நிமிஷத்தில் முடிகிற நாலு ரக்அத் முக்கால் மணி நேரம் இழுக்கும். தொழுகிறவரைக் கூப்பிட யாருக்கு மனம் வரும்? கூட வேலை பார்க்கும் அண்ணன் முனகிக்கொண்டே இவர் பங்கையும் சேர்த்து அள்ளுவார். இதற்குப் பெயர் பக்தியாம். தூ!

அன்று அண்ணன் லீவு. ஐந்து மணிக்கு ஜன்னலோரப் படுக்கையிலிருந்து டெய்லர் கூப்பிட்டார். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட கிழவர்.

"தம்பி, படுக்கையிலயே ஆயிடுச்சு. கொஞ்சம் வரீங்களா?"

நாற்றம் சாமான் அறை வரை வந்துவிட்டது. ஹஜ்ரத் அவசரமாகத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார்.

"தம்பி" என்ற குரல் ஒவ்வொரு தடவையும் மெலிந்தது. குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் நபிகள் நாயகம் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்பது ஹஜ்ரத்துக்குத் தெரியாதா? வார்டு முழுக்க உபதேசம் செய்தவரே அவர்தானே! தெரிந்தும் சஜ்தாவிலேயே கிடந்தார். நான் ஒன்றுமில்லை என்று மனிதன் தலையைத் தரையில் வைக்கிற இடம் அது. இவர் அங்கே தன் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்து வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது. அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது; அசர் நேரம் முடிந்துவிட்டது. டெய்லர் அழுதுகொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, வலிக்குதா?"

"இல்ல தம்பி. கழுவி விட்டீங்கன்னா நானும் அசர் தொழலாம்னு பார்த்தேன். விழுந்ததுலேர்ந்து கண்ணாலயேதான் தொழுறேன், ஒரு வக்துகூட விட்டதில்ல. இன்னைக்குப் போயிடுச்சு." டெய்லர் மூச்சு வாங்கினார். "பரவால்ல, உங்களுதாவது நல்லபடியா முடிஞ்சுதே. எனக்கும் சேர்த்து துஆ கேட்டீங்களா?"

ஹஜ்ரத் துணியை விலக்கிக் கழுவத் தொடங்கினார். கையெல்லாம் மலம். அது ஒன்றும் செய்யவில்லை. தன்னை நினைத்துத்தான் குமட்டிக்கொண்டு வந்தது.

"நான் அசர் தொழுது பதினோரு வருஷம் ஆச்சு பெரியவரே" என்றார்.