சீர்க்குடத்து லட்சுமி

பழைய செம்பை வாங்கிக்கொண்டு புதுக் குடம் கொடுக்கிற தொழிலில், எடை போடுவதைவிட வாயை அடக்குவதுதான் கஷ்டம். பாத்திரக்கடை வைத்த அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? ஆம்பூர் கடைத்தெருவில் எனக்குத் தெரியாத உலோகமும் இல்லை, தெரியாத சாமியும் இல்லை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த காலம் அது.

பாலாற்றில் கிடைத்தவள்

மாதனூர் கண்ணம்மா மகளின் கல்யாணச் சீருக்குக் குடம் எடுக்க வந்தாள். மாற்றுக்குக் கொண்டுவந்த ஓட்டைச் சொம்புக்குள் பச்சையேறிய சின்னச் செப்புக்காசு ஒன்று கிடந்தது. பாலாற்றில் ஊற்றுத் தோண்டும்போது அகப்பட்டதாம். அதில் ஒரு பெண் நின்றாள், கையில் வட்டமாக ஏதோ வைத்திருந்தாள். "லட்சுமிம்மா, கையில தாமரை" என்று நொடியில் தீர்ப்புச் சொன்னேன். கண்ணம்மா காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அப்பன் இல்லாத பொண்ணு, இவ தொணைக்குப் போவட்டும். கொடத்துக் கழுத்துல பத்த வெச்சுக் குடு மொதலாளி. வெள்ளிக்கெழம வர்றேன்."

சிறகு

மறுநாள் மெழுகுவர்த்தித் தண்டு வாங்க வந்த மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார், காசைத் திருப்பிப் பார்த்து, "முதுகுல சிறகு இருக்கே, இது சம்மனசு, எங்க தேவதூதர்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தாமரையைக் காட்டியே தீருவேன் என்று புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்தேன். பாத்திரக்காரன் கை வேறென்ன செய்யும்? பச்சை போயிற்று. கூடவே சிறகும் தாமரையும் பெண்ணும் போய்விட்டார்கள். வாத்தியார் தண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்ப நமக்குள்ள சண்டையே இல்ல."

மறுபக்கம்

வியாழக்கிழமை வேலூரிலிருந்து, பழங்காசு சேர்க்கும் காலேஜ் ஆசிரியர் ஒருவர் வந்தார். நான் தேய்க்காமல் விட்ட மறுபக்கத்து ராஜா தலையைப் பார்த்தார், நடந்ததையும் கேட்டார்.

"ரோமாபுரிக் காசுங்க. அவங்க வெற்றித் தேவதைக்குச் சிறகும் உண்டு, கையில மாலையும் உண்டு. புளிக்கு முன்னாடி நான் வந்திருக்கணும்."

வெள்ளிக்கிழமை

வேறொரு லட்சுமிக் காசை வைத்துச் சமாளிக்கலாமா என்றுகூட நினைத்தேன். மனசு வரவில்லை. அந்தக் கல்யாணப் பெண்ணின் துணையை அழித்தவன் நான்தானே. கண்ணம்மா வந்ததும் ரோமாபுரி, சிறகு, புளி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வழவழத்த காசை நீட்டினேன். அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்கூரு அம்மனுக்கும் மூஞ்சி கெடையாது, வெறுங்கல்லுதான். கேட்டதக் குடுக்கலியா இன்னா? பத்த வெய்யி."

பற்ற வைத்தேன், அதற்குப் பிறகு கடைக்கு எந்தச் சாமி வந்தாலும் பேரைக் கேட்டுக்கொள்கிறேனே தவிர, நானாக வைப்பதில்லை.