காசில் ஏறிய மூக்கு

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த அண்ணன், மற்றவர்களுக்குச் சாக்லேட்டும் எனக்கு இரண்டு பழைய வெள்ளி டாலரும் கொண்டுவந்தான். இரண்டிலும் பெண்முகம். ஒருத்தி பள்ளிக்கூட டீச்சராம். பேர் வெளியே தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் காசுக்கு முகம் வரைய உட்கார்ந்தாளாம். எப்படியோ தெரிந்துபோய், கடிதங்கள் வந்து குவிந்து, நொந்துபோனாளாம். மற்றவள், காசை வடித்த சிற்பியின் மனைவி. சின்ன வயதில் பள்ளி விழாவில் சுதந்திர தேவி வேஷம் வேறொருத்திக்குப் போய்விட்டதென்று மனமுடைந்தவள், வளர்ந்து காசிலேயே சுதந்திர தேவி ஆகிவிட்டாள்.

நானும் டீச்சர்தான், கருங்கல் ஊர்ப்பக்கம். கணவர் டிராயிங் மாஸ்டர். சின்ன வயதில் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஐந்து வருடம் மரியாள் வேஷம் கேட்டு, ஐந்து வருடமும் ஆடாக நின்றவள் நான். "மூக்கு கொஞ்சம் நீளம்லா மக்கா" என்றார் ஞாயிறு பள்ளி அக்கா. பஞ்சு ஒட்டிய ஆட்டு முகமூடிக்குள்ளும் அது அடங்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது சபையின் ஜூபிலிக்கு வெள்ளிக்காசு அடிக்கிறார்கள். அதற்கு நெற்கதிர் ஏந்திய பெண்ணை வரைகிற பொறுப்பு என் கணவருக்கு. விடுவேனா?

"இஞ்ச பாருங்க, என்னப் பாத்து வரையுங்க."

மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தேன். கதிர்க்கட்டுக்குப் பதிலாகக் கையில் ஈர்க்கில் வாரியல். "பெருக்கப் போற மாதிரி பிடிக்காத" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்.

படத்தைப் பார்த்த கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "மாதா மாதிரில்லா இருக்கு. நாம சொரூபம் வைக்கிற கூட்டமா?" மரியாளை மாதா என்று சிலை வைத்துக் கும்பிடுவது கத்தோலிக்கர் வழக்கம், எங்கள் சபையில் கிடையாது.

மரியாள் வேஷத்துக்கு ஆகாத முகம், மாதா ஜாடை என்று தள்ளுபடி. சிரிப்பதா அழுவதா தெரியாமல், அழுதேன்.

முக்காடு போடச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் முகத்தைக் கதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னார்கள். அதற்கடுத்து, கதிரைப் பெரிதாக்கச் சொன்னார்கள். கடைசியில் முக்காட்டுக்கும் கதிருக்கும் நடுவே மிஞ்சியது மூக்கு மட்டும்.

"அதும் வேணுமா மாஸ்டரே?" என்றாராம் செயலாளர்.

கமிட்டியில் வாயே திறக்காத என் மனுஷன் எழுந்தாராம். "அதுல கை வைக்கணும்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

இதை மத்தியானம் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதோ மழைச் செய்தி போலச் சொன்னார். மீனில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

ஜூபிலி ஆராதனை முடிந்து எல்லோருக்கும் காசு கொடுத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள், அந்த ஐந்து வருடமும் மரியாளாக நின்றவள். கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் காசைப் பார்த்தாள்.

"ஏட்டி, இது உனக்க மூக்குல்லா?"

"ஆமா," என்றேன். "அந்த ஆட்டுக்க மூக்குதான்."