எட்டு என்று சொல்லாத பதினேழு நாட்கள்

பாலாடையில் விட்ட பால் கடைவாய் வழியாக அப்படியே திரும்பி வந்தது. முதல் அறிகுறி அதுதான். மருத்துவச்சி கன்னத்தைத் தட்டி மறுபடி விட்டாள். மறுபடியும் வழிந்தது. குழந்தை அழவும் இல்லை, விழுங்கவும் இல்லை. மூன்று பவுண்டு தேறுமா என்று சந்தேகப்படும்படியான பெண் குழந்தை, சிதம்பரத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில், வர வேண்டிய நாளுக்கு வெகு முன்னால் வந்து படுத்திருந்தது.

மூக்கில் குழாயோடு கிடக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் தெரிந்தவள் அல்ல. புவனகிரியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். விரல் விட்டு எண்ணச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் என் வயிற்று மாதத்தைத் தப்பாகச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

குழந்தையைப் பஞ்சில் பொதிந்து, இரண்டு பக்கமும் வெந்நீர் போத்தல் வைத்து, வாடகைக் காரில் கடலூருக்குப் புறப்பட்டோம். என் கணவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் என்னோடு நாத்தனார் காசியம்மாள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் அவர் என் காதோரம் குனிந்தார்.

"டாக்டரு கேட்டா ஏழு மாசம்னு சொல்லு. எட்டுன்னு வாயத் தொறக்காத."

"எட்டு முடிய நாலு நாளுதான அண்ணி இருந்துச்சு?"

"அதான் சொல்றேன். ஏழுல பொறந்தது பொழைக்கும், எட்டுல பொறந்தது தங்காது. எட்டுன்னு தெரிஞ்சா அவுங்க எதுக்கு மெனக்கெடப் போறாங்க? கைவிட்டுடுவாங்க."

நம் பக்கத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இல்லை. வேறொருத்தியின் குழந்தைக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மடியில் நம் குழந்தை கிடக்கும்போது சிரிப்பு வராது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதும், "ஏழு. இன்னும் முடியல" என்றேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாத்தனார் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

மின்விளக்கு எரியும் ஒரு மரப்பெட்டிக்குள் குழந்தையை வைத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை இரைப்பை வரை செலுத்தினார்கள். நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உறிஞ்சணும், விழுங்கணும், மூச்சு விடணும். மூணும் ஒண்ணு மாத்தி ஒண்ணு வரணும்" என்றார் டாக்டரம்மா. "ஏழு மாசக் குழந்தைக்கு அந்தப் பக்குவம் வந்திருக்காது. இன்னும் ஒரு மாசமாவது குழாய்தான். அவசரப்பட்டு வாயில குடுத்தா பால் நுரையீரலுக்குப் போயி நிமோனியா வந்துடும்."

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நான் பீங்கான் கோப்பையில் பால் பீய்ச்சிக் கொடுப்பேன். ரெஜினா சிஸ்டர் அதைச் சின்னப் புனலில் ஊற்றி உயரே பிடிப்பார். பால் தானாக இறங்கும். வாய்க்கு ஒரு வேலையும் இல்லை. தன் வயிறு நிரம்பியது அந்தக் குழந்தைக்குத் தெரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

இரண்டாம் வாரத்தில் மூக்கு புண்ணாகிவிட்டது. குழாயை மாற்றும்போதெல்லாம் நுனியில் ரத்தம் தெரிந்தது. என் பாலும் வற்றத் தொடங்கியது. அரைக் கோப்பை கால் கோப்பையாகி, பிறகு அடியை மட்டும் நனைத்தது. உறிஞ்ச ஆள் இல்லாமல் பால் எத்தனை நாள் சுரக்கும்? வற்றிவிட்டால் டப்பாப் பால்தான். அதே வார்டில் டப்பாப் பால் குடித்த ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு, இரண்டே நாளில் கட்டில் காலியானதைப் பார்த்திருந்தேன்.

ஒரு காலையில் ரெஜினா சிஸ்டர் குழந்தையின் காதை மடித்து விட்டுப் பார்த்தார்.

"இந்தக் காதப் பாரு. மடிச்சு விட்டா டக்குனு நிமிருது. ஏழு மாசத்துக் காது துணி மாதிரி மடிஞ்சே கெடக்கும். உள்ளங்கால்ல ரேகை வேற ஓடுது. எடைதான் கம்மி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு என்று என் வாயால் சொன்னால் அந்த எட்டு வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்று பயந்தேன். பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்ற வெட்கமும் இருந்தது. எது அதிகம் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

பதினேழாம் நாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ இடைஞ்சலாக இருக்கிறது, கண்ணாடி வளையல்களைக் கழற்று என்றார் சிஸ்டர். ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"வளைகாப்பு வளையலா? போட்டு எத்தினி நாள்ல பொறந்துச்சு?"

"நாப்பது நாளு" என்றேன், யோசிக்காமல்.

அவர் விரலை மடக்கினார். "ஏழு முடியாம பொறந்துச்சுன்ன. அதுக்கு நாப்பது நாளு முன்னாடின்னா ஆறாம் மாசம். நான் வேதக்காரி, எனக்கே தெரியும். ரெட்டைப்பட மாசத்துல யாரும்மா வளையல் அடுக்குவாங்க?"

எங்கள் வழக்கப்படி ஏழாம் மாதத்தில்தான் எனக்கு வளையல் அடுக்கினார்கள். வாத்தியாரம்மா கணக்கில் மாட்டிக்கொண்டாள். வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சிஸ்டர் திட்டவில்லை. "இத நீயேதான் போயி சொல்லணும்" என்று மட்டும் சொன்னார்.

சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எட்டுன்னா நான் பாக்க மாட்டேன்னு நெனச்சியாம்மா? வயித்துல ஒரு வாரம் கூட இருந்தா அது ஒரு வாரத்துப் பலம். உன் குழந்தைக்கு இருந்த பலத்தையே எங்கிட்டேருந்து மறைச்சிருக்கே."

அன்றைக்கே வாயால் குடிக்கப் பழக்கத் தொடங்கினார்கள்.

பதினேழு நாள் சும்மா இருந்த வாய் ஒரே நாளில் கற்றுக்கொள்ளாது. குழாயில் பால் இறங்கும்போதே கழுவிய என் சுண்டுவிரலை அதன் நாக்கில் வைக்கச் சொன்னார் சிஸ்டர். வயிறு நிறைவதும் வாய் அசைவதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அதற்குப் புரிய வேண்டுமாம். முதல் நாள் விரலைத் துப்பியது. மூன்றாம் நாள் இரண்டு தடவை இழுத்தது. அந்த இழுப்பு என் முதுகு வரை தெரிந்தது.

பிறகு நாக்கில் சொட்டுச் சொட்டாகப் பால். நாலாவது சொட்டில் புரையேறி உதடு நீலமாகிவிட்டது. சிஸ்டர் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தட்டினார். மூச்சு வந்தது. எனக்குத்தான் வரவில்லை.

"வேணாம் சிஸ்டர். குழாயே இருக்கட்டும்."

"குழாயோடவே இஸ்கூலுக்கு அனுப்புவியா? ரெண்டாங்கிளாஸ் புள்ள ஒரு கணக்கத் தப்பாப் போட்டா சிலேட்டப் புடுங்கிடுவியா நீ?"

மறுநாள் மறுபடி உட்கார்ந்தோம்.

மார்பில் வைக்கும்போது நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி விடுங்கள், பீறிட்டு வந்தால் புரையேறும். மோவாயை ஒரு விரலால் தாங்குங்கள். தூங்கினால் உள்ளங்காலைத் தேயுங்கள். களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். பேராசை கூடாது. மிச்சத்தைக் குழாய் பார்த்துக்கொள்ளும்.

முதல் தடவை என் மகள் விழுங்கிய சத்தத்தைக் கேட்டேன். அத்தனை சின்னச் சத்தம், வார்டில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. மூன்று இழுப்பு, ஒரு விழுங்கல், ஒரு மூச்சு. மறுபடி மூன்று இழுப்பு. எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை தவறிப்போகும் அளவுக்கு அது குடித்தது. மறுநாளே என் மார்பு கனத்தது. வற்றியது என்று நினைத்தது வற்றவில்லை, கூப்பிட ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது. நாளுக்கு ஒரு வேளையாகக் குழாய் குறைந்து, குடிக்கத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். மூக்கில் ஒரு சின்ன வடு மட்டும் மிஞ்சியது.

எடை கொஞ்சம் தேறியதும் ரயிலில் சிதம்பரம் வந்தோம். வாசலில் ஆரத்தித் தட்டோடு நாத்தனார். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை எட்டிப் பார்த்து, "ஏழு மாசத்துக் கொழந்தையா? அதான் தங்கிச்சு" என்றாள். நாத்தனார் நிறைவாகத் தலையாட்டினார்.

என் பொய், அந்தப் பழைய பேச்சுக்கே சாட்சியாகிக்கொண்டிருந்தது. எட்டாம் மாதத்தில் ஒரு குழந்தையைப் பெற்று இன்னொருத்தி எங்கேயாவது இப்படி வாய் மூடி உட்காருவாள். இந்தக் குழந்தையைக் காட்டியே அவளைப் பயமுறுத்துவார்கள்.

"எட்டு மாசம்" என்றேன்.

"ஏண்டி, நல்ல நேரத்துல..."

"எட்டு மாசம், அண்ணி. எட்டுல பொறந்துதான் பொழச்சுது."

தட்டு ஒரு கணம் நின்றது. பிறகு சுற்றி முடித்து, குழந்தையின் நெற்றியில் பொட்டு வைத்தார். "ஏழோ எட்டோ, வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றார். பொட்டு கோணலாக விழுந்திருந்தது. அவரும் பயந்துதான் போயிருக்கிறார்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. என் உடம்புக்கு மட்டும் அந்த வார்டை விட்டு வரத் தெரியவில்லை. கடிகாரம் பன்னிரண்டைக் காட்டும்போதும் மூன்றைக் காட்டும்போதும் மார்பு இறுகும், பாடத்தை நிறுத்திவிடுவேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை யாரோ என்னிடம் எதையோ கேட்கிறார்கள்.

வகுப்பில் பிள்ளைகள் ஒன்று இரண்டு என்று சேர்ந்து சொல்லிக்கொண்டு வருவார்கள். ஏழு முடிந்ததும் என் மூச்சு நிற்கும். அடுத்ததைக் கேட்ட பிறகுதான் விடுவேன். இரண்டாவது வரிசையில், எல்லோரையும் விட உரக்க, மூச்சை இழுத்து, எட்டு என்று கத்துகிறவள் என் மகள்.