பங்கு போட்ட மாத்திரை

அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, யாழ்ப்பாணத்து ஆள். தாதி ஒருவர். என் மனைவி லெட்சுமி. அவளுடைய அண்ணன் செல்வராஜ், எனக்கு மச்சான். கதிரை இருந்தும் உட்காராமல் கதவோரம் நின்றார். பிறகு நான். எல்லார் முகத்திலும் மாஸ்க்.

கண்டியில் நெஞ்சு நோய் கிளினிக். மேசை மேல் இரண்டு ரிப்போர்ட். ஒன்று எனக்கு, ஒன்று லெட்சுமிக்கு.

"மறைக்காமச் சொல்லுங்கோ. ஆறு மாச மாத்திரையும் ஒழுங்கா எடுத்தனீங்களோ?" டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

லெட்சுமி முந்திக்கொண்டாள். "ஒரு நாள் விடாம முழுங்கினாருங்க. நானே தண்ணி மோந்து குடுத்தேன்."

அது பாதிப் பொய். நடந்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால் படியுங்கள்.

எனக்கு மடுல்கெல்லைப் பக்கம் தேயிலை பெக்டரியில் வேலை. முதலில் இருமல், பிறகு சளியில் இரத்தம். காச நோய் என்றார்கள். தினம் காலையில் டிஸ்பென்சரிக்கு நடந்துபோய், அவர்கள் கண் முன்னே நான்கு மாத்திரை. மழைக்காலத்தில் ரோட்டு சரிந்து நடக்க முடியாததால், ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளுக்கு, மாத்திரையைச் சேர்த்துக் கையில் தந்தார்கள்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) விசயம் பரவியது. தண்ணீர் பிடிக்கும் பீலியில் லெட்சுமியின் குடத்தை ஒருத்தி காலால் தள்ளிவிட்டாளாம். அடுத்த மாதம் லெட்சுமியும் இருமத் தொடங்கினாள். வீட்டாரும் சோதிக்க வர வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவள் வரவில்லை.

"எனக்கும்னு தெரிஞ்சா கொழுந்து பறிக்கிற நெரையில பக்கத்துல ஒருத்தியும் நிக்க மாட்டாளுக" என்றாள்.

எங்கள் பக்கம் மாத்திரையைப் பங்கு போடுவது வழக்கம். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை எல்லாம் அப்படித்தான். ஒருவர் டிஸ்பென்சரிக்குப் போவார், வீடே விழுங்கும். நானும் அப்படியே செய்தேன். எனக்கு இரண்டு, அவளுக்கு இரண்டு. இருவருக்கும் இருமல் குறைந்தது. நல்ல வேலை செய்தோம் என்று இருந்தேன். மருந்து முடிந்து சில மாதத்தில் இருவருக்கும் இருமல் திரும்பியது, மச்சான்தான் எங்களைக் கண்டிக்குக் கூட்டி வந்தார்.

அந்த அறையில் இதைச் சொன்னேன். தாதி எழுதுவதை நிறுத்தினார். மச்சான் கதவை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தார்.

"தங்கச்சிய உசுரோட பொதைக்கப் பாத்தீங்களா மச்சான்?"

"அண்ணே, சும்மா இரு. வாயத் தொறந்து முழுங்கினது நானு" என்றாள் லெட்சுமி.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அரை மருந்துக்குக் கிருமி சாகாது. தப்பிப் பிழைச்சது மருந்துக்கு அடங்காது" என்றார். எனக்கு முக்கியமான இரண்டு மருந்தும் வேலை செய்யாது (பல மருந்துக்கு அடங்காத காச நோய்). லெட்சுமிக்கு அதற்கு அடுத்த வரிசையிலும் ஒன்று வேலை செய்யாது. அவளுக்கு மிச்சம் இருப்பது கொஞ்ச மருந்துதான்.

"பிழைப்பாளா?" என்றேன்.

"சில பேருக்குச் சுகமாகுது. சில பேருக்கு ஆகிறேல்லை. இப்ப ஒண்டும் சொல்ல மாட்டன்."

இருவரையும் கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். எனக்கு ஆண்கள் வார்டு. அவளுக்குத் தனி அறை. ஒரு புது மாத்திரைக்காக அவளுக்கு அடிக்கடி ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாகக் காட்டும் படம்) எடுத்தார்கள். ஒவ்வொரு மாதமும் எங்கள் சளியை வளர்த்துப் பார்த்தார்கள் (கிருமி உயிரோடு இருந்தால் வளரும், பதில் வரப் பல கிழமை ஆகும்).

என்னுடையது மூன்றாம் மாதம் சுத்தம். அவளுடையது வளர்ந்தது. நான்காம் மாதமும் வளர்ந்தது. ஐந்தாம் மாதமும், ஆறாம் மாதமும். அவளுடைய சோற்றுத் தட்டு தொடாமல் திரும்பிப் போவதை முற்றத்தில் நின்று பார்ப்பேன். நான் கொடுத்த இரண்டு மாத்திரைதான் கண்ணில் நிற்கும்.

ஒரு மருந்தால் அவள் தோல் கறுத்தது. ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே என்னைக் கண்டு சொன்னாள்: "செவத்த பொண்ணுன்னு தேடி வந்து கட்டுனீங்க. இப்பப் பாருங்க, பால் சட்டி அடி மாதிரி."

"வெளக்கிக்கலாம்" என்றேன்.

"வாய் மட்டும் சுகமாயிருச்சு ஒங்களுக்கு."

அன்றைக்கு மட்டும் இருவரும் சிரித்தோம்.

ஏழாம் மாதம் வளரவில்லை. அதற்குப் பிறகும் வளரவில்லை. என்னை முன்னால் வீட்டுக்கு விட்டார்கள். அவளுக்கு இருபது மாதம் மருந்து. போன மாதம் முடிந்தது. கண்டி கிளினிக்கில் சுகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "திரும்பவும் வரலாம். இருமல் கூடினா உடன வாங்கோ. ஒளிக்காதேங்கோ."

நீங்களும் ஒளிக்காதீர்கள். பங்கு போடாதீர்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

மருந்தால் லெட்சுமியின் பாதம் இன்னும் மரத்துக் கிடக்கிறது. மலையில் காலை எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்த்துத்தான் வைக்கிறாள். கொழுந்துக்குப் போகிறாள். நிரையில் இரு பக்கமும் ஆள் நிற்கிறது.

எனக்கு நெஞ்சு ஏறி இறங்குவது முன்பு தெரியாது. இப்போது ஒவ்வொரு மூச்சும் தெரிகிறது. பெக்டரிச் சங்கை வைத்து நேரம் பார்ப்பதும் போய்விட்டது. அவள் அடுப்பு மூட்டுவதிலிருந்து பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம்) இறங்கிப் போகும் வரை, எத்தனை தடவை இருமுகிறாள் என்று எண்ணுகிறேன். அடுப்புப் புகைக்கும் இருமல் வரலாம். எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

முந்தாநாள் இரண்டு. நேற்று இரண்டு.

இன்றைக்கு ஐந்து.