காசித்தும்பைப் பாத்தியில் உப்பு

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில், அலிப்பூரில் என் மகன் வீட்டு வாசலில் ஹரிபத பாபு வந்து நின்றார். பவானிபூரில் சுந்தரேசய்யர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். குடையை மடக்கக்கூட இல்லை. "நுன் பாபு ஆர் நேய்" என்றார். நுன் என்றால் வங்காளியில் உப்பு. உப்பு பாபு இனி இல்லை என்று சொல்லிவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சுந்தரேசய்யரைத் தெருவில் நுன் பாபு என்றும், நம் தமிழ்க் குடும்பங்களில் உப்பு மாமா என்றும் அழைப்பார்கள். அந்தப் பெயர் வந்த கதையும் நம்மவர்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த கதை தவறானது. அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று பல நாள் தயங்கினேன். இருந்தாலும் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான்.

தலைநகரம் தில்லிக்குப் போவதற்குச் சில வருஷங்கள் முன்பு, மனைவியை இழந்த கையோடு, மகனை ஊரில் விட்டுவிட்டு, மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்தேன். ஒரே ஆபீசில் வேலை செய்த சுந்தரேசய்யர் தம் வீட்டு மாடியறையை எனக்குக் கொடுத்தார். அவருடைய மனைவி அலமேலு அம்மாள் என்னை அண்ணா என்று கூப்பிட்டு, இரண்டு வேளையும் சாதம் போட்டார்.

அடுத்த வருஷம் அந்த அம்மாள் கடுங்காய்ச்சலில் நாற்பது நாள் கிடந்தார். காய்ச்சல் விட்டும் எழுந்திருக்க முடியவில்லை. கொல்லைப்புற ஜன்னலோரம் படுக்கை. பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டதால், சுந்தரேசய்யர் ஜன்னலுக்கு நேரே பாத்தி கட்டி, காசித்தும்பை நாற்றுகள் பதினாறு நட்டார். "இதுகள் பூத்துதுன்னா நானும் எழுந்து உட்கார்ந்துடுவேன்" என்றார் அம்மாள். அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மழைக்காலம். ஓடில்லாத நத்தைகள் கூட்டங்கூட்டமாக வந்தன. இளந்தண்டை அடியோடு தின்றுவிட்டு, மினுங்கும் கோடு ஒன்றை மட்டும் விட்டுப் போயின. அம்மாள் விடிந்ததும் எண்ணுவார். "ஏன்னா, இன்னிக்கு ரெண்டு குறையறதே?" என்று சுந்தரேசய்யரைக் கேட்பார்.

நத்தைகளைக் கொல்லவும் வழியில்லை. "நானே பிழைச்சு வந்திருக்கேன். என் பேரைச் சொல்லி ஒண்ணையும் கொல்லப்படாது" என்று அம்மாள் சொல்லியிருந்தார். சாம்பல் தூவினால் மழை கரைத்தது. ஆகவே சுந்தரேசய்யர் விடியுமுன் குனிந்து, ஒவ்வொன்றாகப் பலா இலையால் எடுத்துச் சட்டியில் போட்டு, காளிகட்டக் கோயில் பக்கத்துக் கால்வாய்க் கரையில் கொண்டுபோய் விடுவார்.

ஹரிபத பாபு மதிலுக்கு மேலிருந்து கேலி செய்வார். "ஐயர் மொஷாய், நீங்கள் வருவதற்குள் அவை வீடு வந்து சேர்ந்துவிடும்!"

"வரட்டும் பாபு. வழி தெரிஞ்ச விருந்தாளிகள்தானே" என்பார் இவர்.

எனக்கோ எதையும் புத்தகத்தைப் பார்த்துச் செய்துதான் பழக்கம். ஆபீஸ் நூலகத்தில் இங்கிலீஷ் தோட்டப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பாத்தியைச் சுற்றி உப்பு வளையம் போட்டால் நத்தை தாண்டாது என்று அதில் இருந்தது. தாண்டாது என்றால் திரும்பிப் போய்விடும் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை சுந்தரேசய்யர் கடைக்குப் போனபோது, அம்மாள் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், அளவுகோல் வைத்து இரண்டு அங்குல அகலத்தில் உப்பைக் கொட்டினேன். கடைசி மூலை வருமுன் உப்புத் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் பெரிய மழை. மறுநாள் விடிந்தபோது நத்தைகள் நுரைத்துச் செத்துக் கிடந்தன. உப்புநீர் வேருக்கு இறங்கி, நாற்றுகள் துவண்டிருந்தன. அந்தப் புத்தகத்தை எழுதியவர் கல்கத்தா மழையைக் கண்டவரல்லர். தினமும் அதில் நனைந்த நானாவது யோசித்திருக்க வேண்டும்.

ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாள் கேட்டார். "யார் பண்ணினா இதை?"

பாத்தியோரம் விட்டிருந்த அளவுகோலை நான் குனிந்து எடுத்தேன். சுந்தரேசய்யர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "நான்தான்டி. புத்தி கெட்டுப்போச்சு" என்றார்.

மூன்று நாள் அம்மாள் அவரிடம் பேசவில்லை. அவர் கையால் கஞ்சி வாங்கவும் மறுத்தார். நான் கொடுத்தால் வாங்கிக் குடித்தார். முதல் நாள் மாலையே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சுந்தரேசய்யரிடம் கெஞ்சினேன்.

"சும்மா இரும் ஓய். என்கிட்டக் கோவிச்சுண்டா நாலாம் நாள் சரியாயிடுவள். உம்மகிட்டக் கோவிச்சுண்டா நீர் மாடியை விட்டே இறங்க மாட்டீர். அப்புறம் எங்கே போய்ச் சாப்பிடுவீர்?"

உப்பு எட்டாத மூலையில் மூன்று செடிகள் தப்பியிருந்தன. அவற்றைச் சுற்றிப் பூசணித் தோலைக் கவிழ்த்து வைத்தார். நத்தைகள் செடியை விட்டுத் தோலுக்கடியில் கூடின. விடியற்காலையில் தோலோடு தூக்கிக் கால்வாய்க்குக் கொண்டுபோவது சுலபமாயிற்று. மூன்று செடியும் பூத்தன. சிவப்பாக முதல் பூ விரிந்த அன்று, அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அதன்பின் பல வருஷம் நன்றாக இருந்தார்.

கதை மட்டும் மதில் தாண்டிவிட்டது. பந்திக்குப் பந்தி, "உப்பு மாமா இலையில உப்பு வைக்காதேங்கோ, அவரே கொண்டுவந்திருப்பார்!" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாள் காலமான பிறகு, இனியாவது சொல்லிவிடுகிறேன் என்றேன். "விடும் ஓய். பேர் நன்னா ஒட்டிண்டுடுத்து. இப்போ பிடுங்கினா நான் யாருன்னு எனக்கே தெரியாது" என்றார்.

சென்ற மாதம் சுந்தரேசய்யரின் பதின்மூன்றாம் நாள் பந்தியிலும் அந்தக் கதையை ஒருவர் எடுத்தார். நான் எழுந்து நின்று, "உப்புப் போட்டது நான்" என்றேன்.

"நீரா? தெருவில நாய் படுத்திருந்தா அடுத்த தெரு வழியாப் போற மனுஷர் நீர்! உட்காரும், பாயசம் வரது" என்றார் கதையை எடுத்தவர். பந்தி முழுவதும் சிரித்தது. ஒருவரும் நம்பவில்லை.

அதனால்தான் எழுத்தில் கொடுக்கிறேன். சுந்தரேசய்யரே, சொல்ல வேண்டிய அம்மாளிடம் சொல்லாமல், உங்களையும் வழியனுப்பிவிட்டு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள். இதைப் படிக்கும் அன்பர்கள் இனி அவரை அவருடைய சொந்தப் பெயரால் நினைக்க வேண்டுகிறேன். மற்றப் பெயர் என்னுடையது. தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன்.