வட்டக்கிணற்றுப் பிரீஸ்டைல்

பேரனை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப்போவது என் வேலை. குளோரின் நெடியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "எல்போ மேல, மூச்சு சைடுல" என்று பயிற்சியாளர் கத்துவார். பிள்ளைகள் கோணாமல் போக, நீளவாக்கில் கயிறு கட்டியிருக்கிறார்கள். அறுபதுகளில் உத்திரமேரூர் ஏரியில் அப்படி ஒரு கயிறு இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

அப்போது நான் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் குமாஸ்தா. ஏரிக்கு அக்கரையில் ஒரு விவசாயியின் மகள் சரோஜாவைப் பெண் கேட்டுப் போயிருந்தோம். காப்பி கொடுத்த கையோடு அவள் அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஏரி ரொம்பிட்சின்னா எங்க ஊருக்கு வழி கெடையாது தம்பி. நீஞ்சத் தெரியாத மாப்ளய வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

சரோஜா கதவோரம் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவள் இல்லாமல் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு போகிற நாய் நீச்சல்தான். பக்கத்து மேஜை தாமோதரனுக்கு அது கேவலமாகப் பட்டது. எங்கிருந்தோ ஒரு படம் போட்ட நீச்சல் புத்தகம் கொண்டுவந்தான். "மாப்ளைன்னா ஒரு கெத்து வேணாமா? பிரீஸ்டைல் போடுடா" என்றான். சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் பெஞ்சில் குப்புறப் படுத்துக் கை வீசினேன். மனு கொடுக்க வந்த ஒரு பெரியவர், வலிப்பு என்று பதறி என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். நல்ல மனுஷர், மனுவைக்கூட மறந்துவிட்டார்.

பிறகு ஊருக்கு வெளியே ஒரு வட்டக்கிணற்றில் தினமும் பயிற்சி. சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வருவேன். மேலே வறுத்த மல்லாட்டையைத் தோலுரித்துத் தின்றுகொண்டே தாமோதரன் சுற்றை எண்ணுவான். ஒரு மாதத்தில் முழங்கை உயர்ந்தது, கால் உதை சீரானது, மூச்சும் ஒழுங்குக்கு வந்தது. எப்போதும் இடது பக்கமே வளைந்து போய்க்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஏரி நிரம்பியது. ஏரி குறுகுகிற ஒரு மூலையில் இறங்கினேன். அக்கரையில் சரோஜா, அவள் அப்பா, பாதி ஊர். முகத்தைத் தண்ணீரில் புதைத்து, புத்தகத்தில் இருந்தபடியே போனேன். வாழ்க்கையில் வேறெந்தக் காரியத்தையும் நான் அவ்வளவு அழகாகச் செய்ததில்லை. கடைசியில் கை மண்ணில் தட்டியது. எழுந்து நின்று, "வணக்கம் மாமா" என்று கும்பிட்டேன்.

எதிரே, நான் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கிய சட்டையோடு தாமோதரன் நின்றிருந்தான். "இன்னாடா, எதுனா மறந்துட்டியா?" என்றான்.

அக்கரைச் சிரிப்பு இக்கரை வரை கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தகமும் வேண்டாம், கெத்தும் வேண்டாம் என்று மறுபடி இறங்கினேன். தலையைத் தூக்கி, சரோஜாவின் மஞ்சள் தாவணியை மட்டும் பார்த்துக்கொண்டு நாய் நீச்சலில் போய்ச் சேர்ந்தேன். அவள் அப்பா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "இப்டி மூஞ்சி தெரியறாப்ல வந்தாதான வர்றது யாருன்னு தெரியும்" என்றார்.

அந்தக் கிணற்றைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். அக்கரைக்குத் தார் ரோடு வந்துவிட்டது. கடைக்குப் போய், வாங்க வேண்டியதை மறந்து நான் திரும்பும்போதெல்லாம் சரோஜா, "இன்னா, கெணறு சுத்திக்கினு வந்துட்டியா?" என்பாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நேற்று பால் வாங்கப் போய் வெறும் கையோடு வந்தேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.